வீட்டு நீச்சல் குளத்து நீர் பச்சையானால்: அறிகுறியிலிருந்து காரணம் கண்டு தெளியவைக்கும் முறை

பச்சையேறிய குளத்தின் கரையில் நின்று வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "ஏனுங்க, இருக்கற தண்ணிய இறைச்சு உட்டுப்போட்டுப் புதுசா நெரப்பிக்கலாமுங்களா?" வேண்டாம் என்பதே என் பதில். எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் உள்ள வீட்டுக் குளம் ஏறக்குறைய 45,000 லிட்டர் கொள்ளும். அதை நிரப்ப 12,000 லிட்டர் லாரி நான்கு முறை வரவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் கொங்கு நாட்டில், ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டுமே கண்ட தோட்டங்கள் ஊருக்கு ஊர் இருக்கும்போது, அவ்வளவு நீரைச் சாக்கடையில் விட எனக்கு மனம் வருவதில்லை. அதைவிட முக்கியமானது, காரணம் அறியாமல் மாற்றிய நீர் அதே காரணத்தால் சில நாள்களில் மறுபடியும் பச்சையாகும் என்பது.

கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் இடையே குளங்களைப் பராமரித்து வருகிற அனுபவத்தில் நான் பின்பற்றும் வரிசையைக் கீழே எழுதுகிறேன். கணக்குகள் அனைத்தும் மேலே சொன்ன 45,000 லிட்டர் குளத்திற்கானவை; உங்கள் குளத்தின் கொள்ளளவிற்கு ஏற்ப அவற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

மருந்தைத் தொடும் முன்

முதலில், குளத்தை நிரப்பிய நீர் எங்கிருந்து வந்தது என்பதை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். சிறுவாணி நீர் மென்மையானது; அதில் கால்சியமும் உலோகமும் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரோ கடினத்தன்மை மிகுந்தது, சில இடங்களில் இரும்பும் கலந்தது. நொய்யல் ஓரமாகத் திருப்பூருக்குக் கிழக்கே போகப் போக உப்பும் சேர்ந்துகொள்ளும். ஒரே மருந்து இரண்டு நீரிலும் ஒரே விதமாக வேலை செய்யாது.

அடுத்து, ஆழமான முனையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். தலையா பூவா என்று கரையில் நின்றே சொல்ல முடிந்தால், நீர் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அது தெளிந்த பச்சை. நாணயமே தெரியவில்லை என்றால் அது கலங்கிய பச்சை. இந்த ஒரு வேறுபாட்டைப் பார்க்காமல் மருந்து வாங்கப் போவதால்தான் பணம் வீணாகிறது. முன்னது பெரும்பாலும் உலோகம், பின்னது ஏறக்குறைய எப்போதும் பாசி.

ஐயம் இருந்தால், வெள்ளை வாளி ஒன்றில் குளத்து நீரை எடுத்து, அதில் அரைத் தேக்கரண்டி குளோரின் கரைசலை விட்டு, அரை மணி நேரம் நிழலில் வையுங்கள். பச்சை வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கோ பால் நிறத்துக்கோ திரும்பினால் பாசி. பழுப்பாக மாறினால் இரும்பு. பச்சையோ நீலமோ அப்படியே நின்றால் செம்பு.

பிறகு சோதனைப் பெட்டி. மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டுமே காட்டுகிறது. வேலை செய்யக்கூடிய குளோரின் அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. சோதனையே இந்த வேலைக்கு ஏற்றது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு தோன்றிய கணத்திலேயே வெளுத்துவிடும். குளோரின் சிறிதும் இல்லை என்று நம்பி மேலும் மேலும் கொட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். ஐயம் வந்தால் குளத்து நீரோடு சமபங்கு குளோரின் இல்லாத நீரைக் கலந்து சோதித்து, விடையை இரண்டால் பெருக்குங்கள். குளோரின், பி.எச். (நீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்), காரத்தன்மை (பி.எச். மாறாமல் அமிலத்தைத் தாங்கும் திறன்), சயனூரிக் அமிலம் (வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர்) ஆகிய நான்கு எண்களும் கையில் இருக்கவேண்டும். கடைசி எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. திரும்பத் திரும்பப் பச்சையாகும் குளங்களில் குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

தரை தெரியாத குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. மூழ்கிய குழந்தை கண்ணுக்குத் தெரியாது என்ற ஒரு காரணமே போதும். நீர் தெளியும்வரை குளத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கட்டும்.

அறிகுறி: நீர் கலங்கிய பச்சை, தரை தெரியவில்லை

இது பாசி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் நாள்களில் மண்ணும் தென்னம்பூவும் குரும்பையும் குளத்தில் விழுந்துகொண்டே இருக்கும். குளோரின் அவற்றோடு போராடித் தீர்ந்துபோகும். அந்த இடைவெளியில் பாசி கிளம்பும். ஐப்பசி மழையிலும் இதே கதைதான். சித்திரை வெயிலில் காரணம் வேறு: ஸ்டெபிலைசர் இல்லாத நீரில் உள்ள குளோரினின் பெரும்பகுதியை நேரடி வெயில் இரண்டு மணி நேரத்திலேயே அழித்துவிடும்.

முதல் வேலை, வலையால் இலைகளையும் சருகுகளையும் அடிவரை அள்ளி எடுப்பது. கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில் மக்கிக் கிடக்கும் ஒரு கூடைச் சருகு, நீங்கள் விடும் குளோரினில் பெரும்பங்கைத் தானே விழுங்கிவிடும்.

இரண்டாவது, பி.எச். அளவை 7.2 அளவுக்குக் கொண்டுவருவது. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் நிரப்பிய குளங்களில் இது 8க்கு மேல் இருப்பது வழக்கம். ஸ்டெபிலைசர் இல்லாத நீரில், பி.எச். 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும்; 8.2க்கு ஏறினால் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு வேளைக்கு அரை லிட்டருக்கு மேற்படாமல் எடுத்து, வாளி நீரில் அமிலத்தை ஊற்றி, மோட்டார் ஓடும்போது ஆழமான பக்கத்தில் சுற்றிலும் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். காரத்தன்மை அதிகமுள்ள நீர் அமிலத்தை நிறையக் கேட்கும். பொறுமையாகப் பல தடவையாக விடுவதே சரி. இதைக் குளோரின் விடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனெனில் குளோரின் 10 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு) மேல் போனபின் பி.எச். சோதனை உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

மூன்றாவது குளோரின். எவ்வளவு என்பதைச் சயனூரிக் அமிலத்தின் அளவே தீர்மானிக்கிறது. அதில் ஏறக்குறைய 40 சதவீதம் அளவுக்குக் குளோரின் நிற்கவேண்டும். ஸ்டெபிலைசர் 40 பி.பி.எம். இருந்தால் குளோரின் 16 பி.பி.எம். பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஆகவே 45,000 லிட்டருக்கு ஒரு பி.பி.எம். ஏற்ற 45 கிராம் குளோரின் தேவை, 16 பி.பி.எம்.முக்கு 720 கிராம். பத்து சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலானால் ஏழு லிட்டருக்குச் சற்று மேல். 65 சதவீதக் குளோரின் குருணையானால் 1.1 கிலோ, சாதாரண பிளீச்சிங் பவுடரானால் ஏறத்தாழ 2.4 கிலோ. பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு மிகுதி. வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். கடின நீர் நிரப்பிய குளத்தில் குருணையும் பிளீச்சிங் பவுடரும் மேலும் கால்சியத்தைச் சேர்க்கும் என்பதால் நான் கரைசலையே விரும்புகிறேன். ஆனால் வெயிலில் கிடந்த கரைசல் வீரியம் இழந்துவிடும். கோடையில் ஒரு மாதத்திற்குச் சேர்த்து வாங்கிவைப்பது சிக்கனமாகாது.

பொழுது சாய்ந்தபின் குளோரின் விடுங்கள். விட்டவுடன் சுவர், படிக்கட்டு, மூலை என எல்லா இடங்களையும் பிரஷால் தேயுங்கள். சுவரில் ஒட்டிய பாசியின் வழுவழுப்பான மேற்பூச்சு கிழிந்தால்தான் குளோரின் உள்ளே போகும். பிறகு, முதல் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒரு தடவையேனும் சோதித்து, குறைந்ததை ஈடுசெய்து, அதே அளவில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மக்கள் தவறுவது இங்கேதான். ஒரே நாளில் ஒரு பெரிய அளவைக் கொட்டிவிட்டு மறுநாள் பார்க்காமல் விட்டால், சாகாமல் எஞ்சிய பாசி மூன்றாம் நாள் மீண்டும் பெருகும்.

மருந்துகளைக் கையாளும்போது விட்டுக்கொடுக்கக் கூடாத விதிகள் சில உண்டு. அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். ஒன்றை விட்டபின் மோட்டாரை ஓடவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே மற்றதைத் தொடவேண்டும். குளோரினோடு சயனூரிக் அமிலத்தையும் தரும் டி.சி.சி.ஏ. மாத்திரையும் ஹைப்போகுளோரைட் குருணையும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். என் உதவியாளர் ஒருமுறை டி.சி.சி.ஏ. தூள் ஒட்டியிருந்த குவளையிலேயே குருணையை அள்ளிவிட்டார்; நொடியில் புகை கிளம்பி, கண்ணும் தொண்டையும் எரிந்து, அன்று முழுவதும் அவர் இருமிக்கொண்டே இருந்தார். அன்று முதல் ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் குவளை, தனி அலமாரி என்று வைத்திருக்கிறேன். எப்போதும் நீரில் மருந்தைப் போடுங்கள். மருந்தின்மேல் நீரை ஊற்றாதீர்கள்.

பாசி ஒழிந்ததா என்று அறிய நிறத்தை நம்ப வேண்டாம். இரவு குளோரினை அளந்து குறித்துவைத்து, வெயில் ஏறும் முன் மறுபடி அளக்கவேண்டும். இரவில் வெயில் இல்லை. ஆகவே ஒரு பி.பி.எம்.முக்கு மேல் குறைந்திருந்தால் அதைத் தின்ற உயிர் இன்னும் நீரில் இருக்கிறது என்று பொருள். இரவு இழப்பு ஒன்றுக்குள் நிற்கவேண்டும், மொத்தக் குளோரினுக்கும் வேலை செய்யக்கூடிய தனிக் குளோரினுக்கும் இடையிலான வித்தியாசம் அரை பி.பி.எம்.முக்குள் வரவேண்டும், நாணயம் தலையா பூவா என்று தெரியவேண்டும். இம்மூன்றும் சேர்ந்து அமைந்த பிறகே நிறுத்துங்கள்.

அறிகுறி: பச்சை மறைந்தது, நீர் பால் கலந்ததுபோல் இருக்கிறது

இது நல்ல அறிகுறி. செத்த பாசியே இப்படி மிதக்கிறது. இனி வேலை வடிகட்டியுடையது. மோட்டாரை இரவு பகலாக ஓடவிடுங்கள். மணிக்கு 12,000 லிட்டர் தள்ளும் மோட்டார் 45,000 லிட்டரை ஒரு முறை சுற்றிவர நான்கு மணி நேரம் ஆகும். தெளிவதற்குப் பல சுற்றுகள் வேண்டும். தோட்டங்களில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு மட்டும் ஓடும்படி மோட்டார் வைத்திருந்தால் இந்த இடத்தில் சிக்கிக்கொள்வீர்கள். ஒற்றை முனையில் ஓடும் சிறிய மோட்டார் நெடுநேரம் ஓடுவதே குளத்துக்கு நல்லது.

மணல் வடிகட்டியைக் கழுவிய உடனே பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதிவையுங்கள். அதைவிட அரை பார் ஏறும்போது பேக்வாஷ் செய்து (நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவி), கண்ணாடிக் குமிழில் நீர் தெளிந்தபின் ரின்ஸில் ஒரு நிமிடம் விட்டு, பழைய நிலைக்குத் திருப்புங்கள். வால்வைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்தவேண்டும். அடிக்கடி கழுவினால் நல்லது என்று நினைப்பது தவறு; சற்றே அழுக்குப் படிந்த மணல்தான் நுண்ணிய துகளைப் பிடிக்கும். கேஜ் ஏறவே இல்லை, நீரும் தெளியவில்லை என்றால் மணலில் கால்வாய்போல் வழி விழுந்திருக்கலாம்; மூடியைத் திறந்து பாருங்கள்.

அவசரமானால் படிகாரம் உதவும். குளத்துக்கு 1 முதல் 2 கிலோ வரை கரைத்து ஊற்றி, வால்வை ரீசர்குலேட்டில் (வடிகட்டியைத் தவிர்த்து நீர் சுற்றும் நிலையில்) வைத்து ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, மோட்டாரை நிறுத்தி இரவு முழுவதும் அசையாமல் விட்டால், காலையில் எல்லாம் அடியில் பஞ்சாகப் படிந்திருக்கும். அதை வடிகட்டி வழியாக அல்ல, நேரே வெளியே போகும் வேஸ்ட் நிலையில் மெதுவாக வேக்கம் செய்து எடுக்கவேண்டும். படிகாரம் பி.எச். அளவை இறக்கும் என்பதால் பிறகு அதைச் சரிபார்க்கவும். பானைக்குள் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த நம் பாட்டிமார் கையாண்டதும் துகள்களைத் திரட்டிப் படியவைக்கும் இதே தத்துவம்தான். ஆனால் இரண்டுமே பாசியைக் கொல்லாது; உயிருள்ள பச்சை நீரில் படிகாரம் போடுவது வீண் செலவு.

அறிகுறி: நாணயம் தெளிவாகத் தெரிகிறது, நீர் மட்டும் பச்சை

ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக் குளம் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. வாரக்கணக்கில் குளோரின் ஏற்றியும் பச்சை போகவில்லை. நீரோ பளிங்குபோல் இருந்தது. தினமும் நீந்தும் அந்த வீட்டுப் பெரியவரின் வெள்ளை முடியில் இலேசான பச்சை ஏறியிருந்ததைக் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது. விசாரித்ததில், தென்னைக்கும் பாக்குக்கும் போர்டோ கலவை தயாரிக்க வாங்கிய மயில்துத்தத்தில் மிச்சத்தைப் பாசிக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டுக் குளத்தில் கரைத்திருந்தார்கள். மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள செம்பு நீரிலேயே தங்கி, நீரையும் முடியையும் சுவர்ப்பூச்சையும் நிறமேற்றும். செம்பு கலந்த பாசிக்கொல்லிகளும் இதையே செய்யும்.

இங்கே குளோரினைக் கூட்டுவதோ பி.எச். அளவை ஏற்றுவதோ கூடாது. கரைந்திருக்கும் செம்பு சுவரில் நீலப்பச்சைக் கறையாக இறங்கிவிடும். பி.எச். அளவை 7.2இல் நிறுத்தி, உலோகத்தைக் கட்டிப்பிடிக்கும் மருந்தை அதன் உறையில் உள்ள அளவின்படி விட்டு, நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். கட்டிப்பிடிக்கும் மருந்து செம்பை அகற்றுவதில்லை, படியாமல் தடுக்க மட்டுமே செய்கிறது. காலப்போக்கில் சிதைந்தும் போகும். அளவு அதிகமாக இருந்தால் நீரை மாற்றுவதே தீர்வு. நீரை மாற்றச் சொல்லி நான் ஒப்புக்கொள்ளும் இரண்டு இடங்களில் இது ஒன்று.

அறிகுறி: குளோரின் விட்டவுடன் பழுப்பு

கிணற்றிலிருந்து வரும்போது கரைந்து நிற்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டவுடன் துருவாக மாறி, முதலில் பச்சையாகவும் பிறகு தேநீர் நிறமாகவும் காட்டும். துரு ஆகிவிட்டது என்பதே பாதி வெற்றி. படிகாரத்தால் இறக்கி வெளியேற்றலாம், அல்லது வடிகட்டியை விடாமல் ஓட்டி அடிக்கடி கழுவலாம். நிரப்பும் குழாயின் வாயில் வெள்ளைப் பனியன் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிப் பார்த்தால், ஏற்கெனவே துருவான பகுதி அதில் படிவது தெரியும். கரைந்துள்ள இரும்பு துணியில் நிற்காது. சுவரில் உள்ள கறை இரும்புதானா என்று அறிய வைட்டமின் சி மாத்திரை ஒன்றை அதன்மேல் சற்று நேரம் அழுத்தித் தேயுங்கள். கறை வெளுத்தால் இரும்பு.

அறிகுறி: நிழல் விழும் சுவரில் மட்டும் மஞ்சள் பச்சைத் தூள்

பிரஷ் பட்டால் புகைபோல் கலைந்து, மறுநாள் அதே இடத்தில் வந்து உட்காரும். மண் என்று நினைத்துவிடாதீர்கள். இதுவும் பாசியே, குளோரினைச் சற்று அதிகம் தாங்கக்கூடிய வகை. மேலே சொன்ன முறையே இதற்கும். கூடுதலாக, விளக்கின் பின்புறம், ஏணியின் அடி, மேல்நீரை இழுக்கும் ஸ்கிம்மரின் மூடி, வலை, பிரஷ் ஆகிய அனைத்தையும் குளத்திலேயே ஊறவிடவேண்டும். ஓடுகளின் இணைப்பில் கரும்புள்ளியாக வேரூன்றியிருந்தால், சிமென்ட் பூச்சுக் குளத்தில் கம்பி பிரஷாலும் மற்றவற்றில் கடினமான நைலான் பிரஷாலும் அதன் மேல்தோலை உரித்த பின்பே குளோரின் பலன் தரும்.

அறிகுறி: விட்ட குளோரின் அரை மணி நேரத்தில் காணவில்லை

பாசி இவ்வளவு வேகமாகத் தின்பதில்லை. நீரில் அமோனியா இருக்கலாம். தோப்பில் யூரியா வீசியபோது காற்றில் பறந்து விழுந்திருக்கலாம், அல்லது மழைநீர் வயலைக் கழுவிக்கொண்டு குளத்தில் இறங்கியிருக்கலாம். பத்து நிமிடத்திற்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் குளோரின் விட்டு, அது நிலைத்து நிற்கும்வரை தொடருவதைத் தவிர வேறு வழி இல்லை. நின்றபின் பாசிக்கான முறைக்குத் திரும்பலாம். அடுத்த மழைக்கு முன் குளத்தின் விளிம்பை ஓரடி உயர்த்தியோ சுற்றிலும் வடிகால் வெட்டியோ வையுங்கள்.

அறிகுறி: தெளிந்த குளம் ஒரு வாரத்தில் மீண்டும் பச்சை

குளோரின் சோதனையில் 2 அல்லது 3 காட்டும். ஆனாலும் பச்சை வரும். இந்தக் குளங்களில் சயனூரிக் அமிலத்தை அளந்தால் பெரும்பாலும் 100ஐத் தாண்டியிருக்கும். காரணம், மிதவையில் போட்டுவிட்டு மறந்துவிடும் டி.சி.சி.ஏ. மாத்திரை. 200 கிராம் மாத்திரை ஒன்று நம் குளத்தில் 4 பி.பி.எம். குளோரினைத் தரும், கூடவே ஏறக்குறைய 2.4 பி.பி.எம். சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கும். குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அமிலம் செலவாகாது, வெயிலில் ஆவியாகவும் செய்யாது. இரண்டு நாளைக்கு ஒரு மாத்திரை என்றால் மாதத்தில் 36. மூன்று மாதத்தில் நூறைத் தாண்டும். வெயிலிலிருந்து குளோரினைக் காக்க 30 முதல் 50 வரை அது தேவைதான். அதற்குமேல் போனால் குளோரினைக் காப்பதற்குப் பதிலாகக் கட்டிவைத்துவிடும். தினசரிக் குளோரின் சயனூரிக் அமிலத்தில் 7.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்ற கணக்கில் பார்த்தால், 120 உள்ள குளத்துக்கு 9 பி.பி.எம். வேண்டும், பாசியைக் கொல்ல 48. அதை யாரும் தாங்கிப் பிடிக்க முடியாது.

நீரை மாற்ற நான் ஒப்புக்கொள்ளும் இரண்டாவது இடம் இது. பாதியை மாற்றினால் 120 என்பது 60 ஆகும். அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் மாலையில் கரைசலை விட்டுவந்தால் பேக்வாஷில் போகும் நீரோடு மெல்ல இன்னும் இறங்கும். குளத்தை முழுவதும் வற்றவிடாதீர்கள். வாய்க்காலில் நீர் ஓடும் காலத்திலும் அடைமழைக்குப் பின்னும் நிலத்தடி நீர் கீழிருந்து அழுத்தி வெற்றுக் குளத்தின் தரையைப் பிளக்கக்கூடும்.

வெளியேற்றும் நீரைச் சாக்கடைக்கு அனுப்பவேண்டியதில்லை. குளோரின் விடுவதை முன்கூட்டியே நிறுத்தி, சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை சில நாள் வெயிலில் விட்டபின், தென்னை வட்டப் பாத்திகளுக்குப் பல மரங்களாகப் பிரித்து விடலாம். உப்பைத் தாங்கும் மரம் தென்னை. கத்தரிக்கும் நாற்றங்காலுக்கும் வேண்டாம். மயில்துத்தம் கரைந்த நீரானால் மீன் வளர்க்கும் தொட்டிக்கோ கிணற்றுக்கோ ஒரு சொட்டும் போகக் கூடாது. செம்பு மீன்களுக்கு நஞ்சு.

குளோரின் 5 பி.பி.எம்.முக்குக் கீழ் இறங்கி, பி.எச். 7.2க்கும் 7.8க்கும் இடையில் நின்றபிறகு குழந்தைகளை இறங்கவிடுங்கள்.